அரைச் சேவலும் ஒரு கடுகுப் புட்டியும்

மெனு அட்டையில் 'ஹால்வ ஹான்' என்று இருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனை வைத்துக்கொண்டு 'அரைச் சேவல்' என்று அர்த்தம் பண்ணி, பசியில் அதையே சொல்லிவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த நண்பன் வாயைத் திறக்கவில்லை. பதினான்கு வருடமாக ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இருப்பவன். தட்டு வந்தது. ரை என்ற தானிய மாவில் செய்த ஒரு குட்டி ரொட்டி, விரல் தடிமனில் சீஸ், வெங்காய வளையங்கள், ஓரத்தில் கொஞ்சம் கடுகு விழுது. சேவலின் இறகைக்கூடக் காணோம்.

"இந்த ஊரில் வந்த எல்லாரும் ஒருமுறை ஏமாறணும்டா," என்றான் சிரித்துக்கொண்டே.

சரி, தண்ணீராவது குடிப்போம் என்று கேட்டேன். நீல ஏப்ரன் கட்டிய சர்வர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "சோப்பும் துண்டும் சேர்த்துக் கொண்டுவரட்டுமா?" என்றார். கொலோனின் பழைய பீர் விடுதிகளில் சர்வருக்குப் பெயர் 'கோபெஸ்'. இப்படி முகத்துக்கு நேரே நக்கலடிப்பதும் அவர் வேலையில் சேர்த்திதான். வாடிக்கையாளர்கள் அதற்காகவே வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அங்கே கிடைக்கும் பீர் கொல்ஷ். வெளிர் மஞ்சள் நிறம். 200 மில்லி மட்டுமே பிடிக்கிற ஒல்லியான, குழாய் போன்ற கண்ணாடி டம்ளர். காலியானதும் கேட்காமலேயே அடுத்தது வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் டம்ளருக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு. போதும் என்றால் அந்த அட்டையை எடுத்து டம்ளரை மூட வேண்டும். நான் கை ஆட்டினேன், தலை ஆட்டினேன், "நோ" என்றும் சொன்னேன். எதுவும் எடுபடவில்லை. அட்டையை மூடியபோது அதில் ஆறு கோடுகள் இருந்தன.

அந்த ஆறாவது கோட்டுக்கு அப்புறம்தான், "நாளைக்கு டுசெல்டோர்ஃப் போகிறேன்" என்று உளறினேன். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு ஊருக்கும் பழைய பகை. நடுவே சுமார் 40 கிலோமீட்டர்தான். ஒரே ரைன் நதி இரண்டையும் தொட்டுக்கொண்டு போகிறது. கொலோன் ரோமானியர் காலத்து நகரம், கி.பி. 50இல் 'கொலோனியா' அந்தஸ்து கிடைத்து, அதுவே பெயராக நிலைத்தது. டுசெல்டோர்ஃபில் 'டோர்ஃப்' என்றால் கிராமம். டுசெல் என்ற சின்ன ஆற்றின் கரைக் கிராமம், அவ்வளவுதான். கொலோன்காரர்கள் வேறு வாதமே வைக்க வேண்டியதில்லை, பெயரைச் சொல்லிவிட்டுச் சிரித்தால் போதும். அந்தக் கிராமம் பின்னாளில் தலைநகரமானதுதான் அவர்களுக்கு ஆறாத புண். 1946இல் பிரிட்டிஷார் நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தை உருவாக்கியபோது, பெரிய நகரமான கொலோனை விட்டுவிட்டு டுசெல்டோர்ஃபைத் தலைநகராக்கினார்கள். போரில் குண்டு விழுந்து கொலோனின் நடுப்பகுதி அப்போது இடிபாடாகக் கிடந்தது.

நண்பன் வேலை பார்ப்பது டுசெல்டோர்ஃபில். தினமும் போய் வருகிறான். கொலோனில் பிறந்த அவன் எட்டு வயது மகள் இதை ஒரு குடும்பக் குறையாகவே பார்க்கிறாள். காலையில் நான் ஷூ மாட்டும்போது வந்து நின்றாள்.

"மாமா, அங்கே போய் 'ஹெலாவ்' மட்டும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

கார்னிவல் கோஷம் அது. கொலோனில் 'அலாஃப்', டுசெல்டோர்ஃபில் 'ஹெலாவ்'. இரண்டு ஊரிலும் கொண்டாட்டம் தொடங்குவது நவம்பர் 11, காலை 11:11 மணிக்கு; வண்ண ஊர்வலம், தவக்காலத்துக்குச் சற்று முன் வரும் அதே ரோஸ் திங்கட்கிழமை; மிட்டாய் வீசுவதும் அதேதான். வாயில் வருகிற ஒரு சொல்தான் வேறு. அந்தச் சொல்லை மாற்றிச் சொன்னவனை ஊரே முறைக்கும். நான் போனது அக்டோபரில். ஹெலாவ் சொல்ல வாய்ப்பே இல்லை. இருந்தாலும் சத்தியம் பண்ணினேன்.

வேகமான ரயில் அரை மணிக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். நான் வேண்டுமென்றே நின்று நின்று போகிற எஸ்-11 ஏறினேன். காரணம் நடுவில் வரும் வோரிங்கன். கொலோன் நகர எல்லைக்குள், வடக்குக் கோடியில் இருக்கிறது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தேன். வரிசை வீடுகள், வேலி தாண்டி எட்டிப் பார்க்கும் ஆப்பிள் மரம், நாயோடு ஒரு பெரியவர். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் 1288 ஜூன் 5ஆம் தேதி இந்தப் பக்கத்து வயல்களில்தான் அந்தச் சண்டை நடந்தது.

இரண்டு ஊர்ப் பகை எங்கே தொடங்கியது என்று யாரைக் கேட்டாலும் வோரிங்கன் போரைக் காட்டுகிறார்கள். அன்று ஒரு பக்கம் கொலோனின் பேராயர். எதிர்ப்பக்கம் பிரபான்ட் கோமகன், டுசெல்டோர்ஃபை ஆண்ட பெர்க் பிரபு, பெர்க் சீமையின் குடியானவர்கள். அவர்களோடு தோள் சேர்ந்து நின்றது யார் தெரியுமா? கொலோன் நகர மக்களேதான்! தங்கள் பேராயரின் பிடியிலிருந்து விடுபட, டுசெல்டோர்ஃப் தரப்போடு சேர்ந்து அவரைத் தோற்கடித்தார்கள். கொலோனுக்குக் கிட்டத்தட்ட சுதந்திரம் கிடைத்தது. அதே வருடம் ஆகஸ்ட் 14ஆம் தேதி பெர்க் பிரபு, டுசெல்டோர்ஃபுக்கு நகர அந்தஸ்து கொடுத்தார். ஒரே அணியில் நின்று ஜெயித்த போரைத்தான் பகையின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். அடுத்த ரயிலுக்குக் காத்திருந்த நேரம் முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

டுசெல்டோர்ஃபில் புர்க்பிளாட்ஸ் சதுக்கத்தின் ஓரம், 1988இல் பெர்ட் கெரெஸ்ஹைம் வடித்த வெண்கல நினைவுச் சின்னம் இருக்கிறது. ஊருக்கு 700 வயதானபோது வைத்தது. வோரிங்கன் போரைக் குதிரையும் ஈட்டியும் எலும்புக்கூடுமாக நெரிசலாகச் செதுக்கி வைத்திருக்கிறார். அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நகரவும் முடியவில்லை. ஜெயித்த செய்தி கேட்டு ஊர்ப் பிள்ளைகள் தெருவில் சக்கரக் குட்டிக்கரணம் அடித்தார்கள் என்பது கதை. அந்தக் குட்டிக்கரணப் பையன்தான் ஊரின் சின்னம். சாக்கடை மூடியில்கூட இருக்கிறான்.

பணக்கார ஊர் என்பது கோனிக்ஸ்அலே தெருவில் தெரிகிறது. நடுவில் கால்வாய், ஒரு கரை நெடுக விலை எழுதாத கடைகள். பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டது. பழைய நகரத்துக்கே திரும்பி ஒரு விடுதியில் அந்த ஊர் பீரான ஆல்ட் கேட்டேன். செம்புப் பழுப்பு நிறம், கொஞ்சம் கசப்பு. "நாங்கள் ரைனில் விடுவதை எடுத்துத்தான் கீழே இருப்பவர்கள் ஆல்ட் காய்ச்சுகிறார்கள்" என்பது கொலோன்காரர்களின் பழைய நக்கல். நிறத்தைப் பார்த்தால் அந்த நக்கல் அவர்களுடைய கொல்ஷுக்குத்தான் பொருந்தும். அதை அங்கே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

கொண்டுவந்தவரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அதே நீல ஏப்ரன். இங்கேயும் சின்ன டம்ளர்தான். அதே அட்டை, அதே பென்சில் கோடு. "உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டேன். "கோபெஸ்," என்றார்.

"கொலோனிலும் அப்படித்தானே?"

அவர் பதில் சொல்லவில்லை. காலி டம்ளரை எடுத்துவிட்டு நிறைந்த டம்ளரை வைத்தார். இந்த முறை இரண்டாவது கோட்டிலேயே அட்டையை எடுத்து மூடிவிட்டேன்.

டுசெல்டோர்ஃப் கடுகு விழுதுக்குப் பேர் போனது. புட்டி ஒன்று வாங்கிப் பையில் போட்டேன்.

திரும்பும்போது வேக ரயில். ஹோஹென்சோலர்ன் பாலத்தில், காதல் பூட்டுகள் தொங்கும் வேலிக்குப் பக்கத்தில் வண்டி ஊர்ந்தது. எதிரே கரிய மலைபோல கொலோன் கதீட்ரல். 1248இல் தொடங்கி, நடுவில் நூற்றாண்டுக் கணக்கில் நின்றுபோய், 1880இல்தான் முடிந்தது. இது ஒருநாளும் முடியாது, உள்ளே குதிரை கட்டத்தான் ஆகும் என்று 1844இல் கவிதையிலேயே கிண்டல் செய்தார் ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே. அவர் பிறந்த ஊர் எது என்று சொல்லவும் வேண்டுமா?

அன்று ராத்திரி நண்பன் வீட்டிலேயே அரைச் சேவல். ரொட்டி, சீஸ், வெங்காயம் எல்லாம் இருந்தன. கடுகு விழுது மட்டும் தீர்ந்துவிட்டது. நான் பையிலிருந்து புட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன். பெண் லேபிளைப் படித்தாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு கரண்டி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அப்புறம் புட்டியைத் திருப்பி, லேபிள் சுவரைப் பார்க்கும்படி வைத்தாள்.