அந்தரா ஊசியை நிறுத்திய பிறகு

2023 நவம்பர் 20
இன்று அந்தரா ஊசிக்கு, அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்கு நாள், நான் போகவில்லை. கார்டில் ஆறு ஊசிக்குத் தேதி இருக்கிறது, ஏழாவது கட்டம் காலி. மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது, இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நானும் இவரும் பேசி முடித்துவிட்டோம். ஒரு வருடமாக எனக்குப் பீரியட்ஸ் இல்லை. இந்த ஊசிக்கு அது வழக்கம்தான் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் நிறுத்தினால் எப்போது திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

2024 ஜனவரி 28
வரவில்லை. ஓரகத்தி, மாலா-என் என்ற கருத்தடை மாத்திரையை விட்டு ஐந்தாவது வாரமே தலைக்குக் குளித்துவிட்டாள். அத்தையோ, "ரத்தமெல்லாம் உள்ளேயே கட்டிக் கிடக்கும்" என்கிறார். ராத்திரி தூக்கமே இல்லை.

2024 பிப்ரவரி 9
ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மாவிடம் அழுதேவிட்டேன். அவர்தான் விளக்கினார்: மாத்திரை தினமும் போடுவது, விட்டதும் சீக்கிரமே உடம்பிலிருந்து போய்விடும். ஊசி மருந்து அப்படியில்லை, சதையில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும், மூன்று மாதத்துக்கு என்று போட்டாலும் அதற்கப்புறமும் மிச்சம் இருக்கும். (ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதே என்று நர்ஸக்கா ஒவ்வொரு தடவையும் சொன்னதன் காரணம் இப்போதுதான் புரிந்தது.) கரு தங்க, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் வரை ஆகலாமாம். எனக்குக் கடைசி ஊசி ஆகஸ்ட் 20. ரத்தம் கட்டிக் கிடக்கிறதா என்று கேட்டேன். கருப்பையின் உள்சவ்வு தடித்தால்தான் உதிர ஏதாவது இருக்கும், இந்த மருந்தில் அது மெலிந்தே இருக்கிறது, உள்ளே எதுவும் தங்கவில்லை என்றார். இதை அத்தையிடம் அப்படியே சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை, ஆனால் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

2024 ஏப்ரல் 2
இரண்டு நாள் பழுப்பாக லேசான கறை, அதோடு நின்றுவிட்டது. டெஸ்ட் கிட்டில் ஒற்றைக் கோடு. பீரியட்ஸ் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம், அதனால் பீரியட்ஸ் இல்லை என்பதை வைத்து கரு தங்காது என்று நினைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால்தான் பார்த்தேன்.

2024 மே 11
வந்துவிட்டது! விடியற்காலையில் அடிவயிறு இழுத்துப் பிடித்தது, எழுந்து பார்த்தால் நைட்டியில் நல்ல சிவப்பு. அலமாரியில் கிடந்த பழைய நாப்கினை எடுத்தால் பசை காய்ந்துபோய் ஒட்டவே இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பாத்ரூமிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். இந்த வலிக்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

2024 ஜூன் 18
38 நாளில் அடுத்தது. இரண்டு வாரம் முன்னால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாகப் பட்டது, அப்போதே நாள்காட்டியில் குறித்து வைத்தேன்.

2024 ஜூலை 18
இந்தத் தடவை 30 நாள். மதியம் நர்ஸக்காவைப் பார்த்து, கார்டு கொடுக்கும்போதே இதையும் சொல்லுங்கள் அக்கா என்று கேட்டுக்கொண்டேன். அப்போது முதல் ஊசிக்கு ஒரு பெண் காத்திருந்தாள். அவள் கார்டின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தார்: "நிறுத்தினால் கரு தங்க, கடைசி ஊசியிலிருந்து 7-10 மாதம் ஆகலாம்."