ஒரே ராத்திரியில் ஒன்றரைக் கிலோ

சனிக்கிழமை ராத்திரி கருவாட்டுக் குழம்பும் மோர்மிளகாயுமாக வயிறு நிறையச் சாப்பிட்டேன், மறுநாள் காலையில் எடை மெஷினில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடுதல். மோதிரம் விரலை விட்டுக் கழலவே இல்லை, சோப்பு போட்டுத்தான் எடுத்தேன், அடியில் சிவப்பாகத் தடம்.

இது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி சாப்பிட வேண்டும், ஒரு வேளைச் சாப்பாட்டில் அது நடக்காது. உப்பிலுள்ள சோடியம் ரத்தத்தில் கூடும்போது தாகம் எடுக்கிறது, சிறுநீரகமும் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, கூடுதல் உப்பு சில நாளில் சிறுநீரில் போகப் போக அந்தத் தண்ணீரும் கூடவே போய்விடும்.

அதனால் எடை ஏறிவிட்டதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். என் தங்கை அப்படிச் செய்து தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள், எனக்குக் கோபமே வந்தது. குறைக்க வேண்டியது உப்பைத்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள், அதுவும் ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து.

அப்புறம், வீக்கம் வற்றாமலே இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் புதன்கிழமை பழைய எடை வந்துவிட்டது, மோதிரமும் தளர்ந்தது.