வடம் மாற்றப்போகிறேன்

தோல் கையுறையைத் துளைத்துக்கொண்டு உள்ளங்கையில் கம்பி ஏறியது.

காலையில் நிலாவெளிக் கடற்கரையில், படகை இழுத்து வந்த ஜீப் அச்சுவரை மணலில் புதைந்துவிட்டது. தென்னையில் அகல வாரைச் சுற்றி, ஜீப்பின் முன்னால் உள்ள வின்ச்சின் (வடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி) இரும்பு வடத்தை அதில் கொளுவினோம்.

"வடத்துக்கு மேலே ஈரச் சாக்கைப் போடுங்கள் தம்பி" என்றார் மீனவப் பெரியவர் ஒருவர். சரியாகச் சொன்னார். இறுகிய வடம் அறுந்தால் சவுக்குப்போலத் திரும்பும். சாக்கின் பாரம் அதைக் கீழே அமுக்கும்.

ஜீப் ஏறிவிட்டது. வடத்தைச் சுற்றும்போதுதான் குத்தியது: அறுந்த ஒற்றைக் கம்பி, மயிர் அளவு, நுனியெல்லாம் துரு. மேற்சுற்று இன்னும் மினுங்குகிறது. உட்சுற்றுகளை உப்பு தின்றுவிட்டது.

வின்ச்சுக்கென்றே வரும் செயற்கை இழை (உயர்வலுப் பொலித்தீன்) வடத்துக்கு மாறுகிறேன். துருப்பிடிக்காது, தண்ணீரில் மிதக்கும், அறுந்தால் நின்ற இடத்திலேயே பின்னிச் சேர்க்கலாம். படகுக்குக் கட்டும் நைலோன் கயிறு இதற்கு ஈடாகாது. நைலோன் இழுபட்டு நீளும், அறுந்தால் அந்த இழுவிசையோடு பாயும்.

இழை வடத்துக்கும் எதிரிகள் உண்டு. வெயில் அதை நலிவாக்கும். உள்ளே புகுந்த மணல் அராவும், ஆகவே ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சுமார் 150 பாகை செல்சியசில் உருகியே விடும். பாறையில் உரசும் இடமென்றால் இரும்புதான் தாங்கும், மறுக்கவில்லை. நான் ஓடுவது மணலில்.

வடம் வெளியே வரும் இடத்தில் அதைத் தாங்கும், இரும்பு வடம் கீறிய பழைய உருளைகள் புது இழையை அரம்போல அறுக்கும். அவற்றுக்குப் பதிலாக மழமழப்பான அலுமினிய வாய் பூட்ட வேண்டும்.

உருளைகளைக் கழற்றிவிட்டேன்.