சக்கரையில செம்பருத்தி: சென்னை ஈரக்காத்துல கம் பேஸ்ட் பூ செஞ்ச அனுபவம்

பொண்ணு வீடு மலேசியா, மாப்பிள்ளை நம்ம சென்னை. ரிசப்ஷன் கேக்குக்கு ரோஸ், பியோனி எதுவும் வேணாம், சிவப்பு செம்பருத்திதான் வேணும், அதுவும் பாத்தா நிஜப் பூவான்னு தொட்டுப் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. அங்க செம்பருத்திய புங்கா ராயாம்பாங்க, அதுதான் தேசிய மலர், 1960ல அறிவிச்சது, அஞ்சு இதழுக்கும் ருக்குன் நெகாராங்கிற அவங்க நாட்டோட அஞ்சு கொள்கைக்கும் முடிச்சுப் போட்டு சொல்வாங்க. எங்க மாமியார் கேட்டுட்டு, "ஏம்மா, அம்மனுக்கு வைக்கிற பூவப் போயி கத்தியோட பக்கத்துல வைக்கப் போறியா?"ன்னாங்க. பூவ வெட்ட மாட்டாங்க அத்தை, எடுத்து ஓரமா வெச்சுட்டுத்தான் கேக்க வெட்டுவாங்கன்னு சமாதானம் சொல்லிட்டு, காய்ஞ்சா விறைப்பா நிக்கற சர்க்கரை மாவு, அதான் கம் பேஸ்ட், அதுல வேலைய ஆரம்பிச்சேன்.

முதல் வேலை செடிகிட்ட போறதுதான். செம்பருத்தி காலைல விரிஞ்சு சாயங்காலம் சுருங்கிடும், அதனால காலைலயே பறிச்சு ஒண்ண அப்படியே பாக்கறதுக்கு வெச்சுக்கிட்டு இன்னொண்ண இதழ் இதழா பிரிச்சேன். அஞ்சு இதழும் ஒரே பக்கமா விசிறி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், ஒவ்வொரு இதழுக்கும் ஒரு ஓரம் மேல, இன்னொரு ஓரம் பக்கத்து இதழுக்கு அடியில. நடுவுல நீளமா ஒரு தண்டு, அதோட மேல் பாதியில மஞ்சள் மகரந்தப் பை, உச்சில குட்டி குட்டியா அஞ்சு சிவப்புப் பொட்டு. பூவுக்குப் பின்னாடி பச்சைக் கிண்ணம், அதுக்கும் கீழ இன்னொரு வட்டமா மெல்லிசா ஆறேழு பச்சைக் காம்பிலை. கடையில விக்கிற சர்க்கரை செம்பருத்தில பாதிக்கு மேலானதுல இந்தக் கடைசி வட்டம் இருக்கவே இருக்காது, பின்னாடி யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டுருவாங்க போல. ஆனா கேக்குல பூவ சாய்ச்சு வெச்சா முதல்ல தெரியறதே அந்தப் பின்பக்கம்தான்.

கட்டர் ஆன்லைன்ல கிடைக்குது, வாங்கல. பிரிச்ச இதழ அட்டைல வெச்சு வரைஞ்சு வெட்டிக்கிட்டேன், அதுல கொஞ்சம் பெருசு கொஞ்சம் சின்னதுன்னு வித்தியாசம் இருக்கறதே அழகு.

பேஸ்ட் பத்தி. முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பண்றதுதான் நல்லா கெட்டியா நிக்கும், ஆனா கல்யாண வீட்ல பாதிப் பேர் சைவம், ஜெலட்டினும் கூடாது. அதனால பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கான்னு பாத்து வாங்கின ஃபாண்டன்ட் (கேக்க மூடற சர்க்கரை மாவு), 250 கிராமுக்கு ஒரு டீஸ்பூன், மாவ கெட்டியாக்கற சிஎம்சி பவுடர் (டைலோஸ்னு விக்கறதும் இதேதான்), கைல ஒட்டாம இருக்க துளி டால்டா, நல்லா பிசைஞ்சு க்ளிங் ஃபிலிம்ல சுத்தி ஒரு ராத்திரி வெச்சிட்டா ரப்பர் பதத்துக்கு வந்துரும். மழை நாள்னா சிஎம்சி இன்னும் கால் ஸ்பூன் கூட. ரொம்ப போட்டா தேய்க்கும்போதே ஓரம் வெடிக்கும்.

கலர்ல ஒரு விஷயம். பேஸ்ட்ட நேரா ரத்தச் சிவப்பாக்க ஜெல் கலர அள்ளிப் போட்டா பேஸ்ட் பிசுபிசுன்னு ஆயிடும், வாய்ல வெச்சா கசக்கும். அதனால பேஸ்ட்ட வெறும் ரோஸ் கலரா வெச்சுக்கிட்டு சிவப்ப பொடியா மேல தடவறதுதான் வழி. அப்பதான் இதழ்ல ஒரே பெயின்ட் அடிச்ச மாதிரி இல்லாம ஆழம் தெரியும்.

இதழ் செய்யறது இப்படி. பள்ளக் கோடு போட்ட போர்டுல பேஸ்ட்ட தேய்ச்சா நடுவுல மட்டும் ஒரு தடிமன் வரும், மத்த இடம் அடியில வெச்ச விரல் நிழலா தெரியற அளவுக்கு மெல்லிசா இருக்கணும். வெட்டின இதழோட அந்தத் தடிமனுக்குள்ள 26 கேஜ் கம்பி நுனிய கம்ல நனைச்சு மெதுவா திருகித் திருகி பாதி நீளத்துக்கு ஏத்தணும் (கேஜ் நம்பர் கூடக் கூட கம்பி மெல்லிசு, புதுசா வாங்கறவங்க இதுல குழம்புவாங்க). அப்புறம் ஸ்பான்ஜ் பேட்ல வெச்சு, நுனில உருண்டை இருக்கற பால் டூல, பாதி இதழ் மேல பாதி பேட் மேல இருக்கற மாதிரி ஓரமா ஓட்டினா அலை அலையா சுருங்கும். நரம்புக் கோடு பதிக்கற சிலிகான் வெய்னர் அச்சு எங்கிட்ட இல்ல, காய்ஞ்ச மக்காச்சோளத் தோல கழுவித் துடைச்சு அதுமேல அமுக்கினேன். அந்தக் கோடு செம்பருத்தி இதழுக்குன்னே செஞ்சது மாதிரி இருந்துச்சு, காசும் இல்ல. காய வைக்க பணியாரக்கல் குழிலயும் குழிக்கரண்டி முதுகுலயும் ஃபாயில் போட்டு அதுமேல, எல்லாம் ஒரே வளைவா இருக்கக் கூடாதுன்னுதான் ரெண்டு விதம்.

நடுத்தண்டுதான் பூவுக்கு உயிர். 20 கேஜ் கம்பில பேஸ்ட்ட உருட்டி இழுத்து, உச்சில அஞ்சு குட்டி நூல் நுனி, மேல் பாதி முழுக்க மஞ்சள் நூல பொடிசா வெட்டி ஈரமா இருக்கும்போதே குத்தி விட்டேன். மகரந்தத்துக்கு ரவை. ஆமா உப்புமா ரவைதான், மஞ்சள் பொடி கலர்ல புரட்டிக்கிட்டு, நூல் நுனில கம் தொட்டு அதுல முக்கி எடுத்தா அசல் மகரந்தம்.

இப்ப நம்ம ஊர் பிரச்சினை. சர்க்கரை காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், சென்னைல காத்துல ஈரம் எவ்ளோன்னு சொல்லவே வேணாம். சாயங்காலம் விறைப்பா இருந்த இதழ் காலைல தலைய தொங்கப் போட்டுக்கிட்டு கிடந்துச்சு. ஏசிய ட்ரை மோட்ல போட்ட ரூம்ல காய வெச்சு, காய்ஞ்சதும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பால மூடி வெச்ச பிறகுதான் நின்னுச்சு. ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, வைக்கவே கூடாது, வெளிய எடுத்ததும் வேர்த்து ஒழுகிடும்.

கலர் பொடிய காய்ஞ்ச பிரஷ்ல ஓரத்துலேர்ந்து உள்பக்கமா ரெண்டு மூணு தடவை, அடித்தொண்டைல மட்டும் மரூன். பொடி வாங்கும்போது பாக்கெட்ல நான்-டாக்ஸிக் (விஷமில்ல)னு மட்டும் போட்டிருந்தா அது சாப்பிடறதுக்கு இல்ல, எஃப்எஸ்எஸ்ஏஐ லைசன்ஸ் நம்பர் இருக்கறதா பாத்து வாங்குங்க. அப்புறம் தண்டச் சுத்தி இதழ்கள ஒரே திசைல ஏத்தி பச்சை டேப்ப இழுத்து இழுத்து சுத்தணும், இழுத்தாதான் அதுல இருக்கற மெழுகு ஒட்டும். கடைசில கொதிக்கற கெட்டில் ஆவில ரெண்டு மூணு செகண்ட் காட்டினா பொடி உதிராது, வறண்ட தோற்றமும் போயிடும். அதுக்கு மேல காட்டினா பூ கரையும்.

கம்பிய நேரா கேக்குல குத்தாதீங்க, கம்பியும் டேப்பும் சாப்பாட்டுல படற பொருள் இல்ல, அதுக்குன்னு இருக்கற பிளாஸ்டிக் குழாய முதல்ல கேக்குல இறக்கி அதுக்குள்ள சொருகணும். ஃப்ரெஷ் க்ரீம் கேக்னா இந்தப் பூ இளகிடும், இவங்களுது ஃபாண்டன்ட் மூடின கேக், அதனால நிம்மதி. பூவ தனி டப்பால கொண்டு போயி மண்டபத்துல வெச்சுதான் சொருகினேன். பொண்ணோட பாட்டி வந்து மோந்து பாத்தாங்க, செம்பருத்திக்கு என்னைக்கு வாசனை இருந்துச்சுன்னு பக்கத்துல ஒரு தாத்தா கேட்டதும் ஒரே சிரிப்பு.

பொண்ணு ஒரு பூவ பினாங்குக்கே எடுத்துட்டுப் போகணும்னு கேட்டாங்க. டிஷ்யூல பொதிஞ்சு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட குடுத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைங்க, ஜன்னல் பக்கம் மட்டும் வேணாம், வெயில் பட்டா முதல்ல வெளுக்கறது அந்தச் சிவப்புதான்னு சொல்லி அனுப்பினேன்.