ஆறிய பிறகு உடைந்த புண்

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி முடித்து மூன்றாம் நாளே மும்பை செம்பூர் வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். புண்ணைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. வயிற்றை உப்பவைக்க ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலியாம்; இரண்டு நாளில் போய்விட்டது. தையல் பிரித்ததும் ஹார்பர் லைன் ரயிலில் வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

நாலாவது வாரம், ஆறிப்போன தொப்புள் தழும்பில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு முண்டு. காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. தோல் ஊதா நிறமாகிக்கொண்டே வந்து, ஒருநாள் குர்லாவில் ஏறிய கூட்டம் நெருக்கியதில் உடைந்து சட்டை நனைந்தது.

அறுவை செய்த மருத்துவமனையில் அமுக்கிச் சுத்தம் செய்து, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். உள்தையல் நூல் ஒத்துக்கொள்ளவில்லை, சரியாகிவிடும் என்றார்கள். சரியாகத்தான் ஆனது, பத்து நாளைக்கு. மறுபடி முண்டு, மறுபடி சீழ், வேறு மாத்திரை. மூன்று முறை இதே கதை. சர்க்கரை நார்மல். சீழில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரில் 'கிருமி வளரவில்லை'. அம்மா ஊரிலிருந்து தினமும் போனில் மஞ்சள் பற்றுப் போடச் சொன்னாள். போடவில்லை, போட்டேன் என்று சொல்லிவைத்தேன்.

வழி சொன்னது, நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்ற கீழ்வீட்டு அக்கா. "ஆறின புண்ணு ஒரு மாசம் கழிச்சு உடைஞ்சா அது சாதாரணச் சீழ் இல்ல தம்பி. சாதா கல்ச்சர்ல தெரியாது. டி.பி. இனத்துக் கிருமியைத் தேடற ஏ.எஃப்.பி. கல்ச்சர் கேளு. சீழை மட்டும் தொட்டு அனுப்பாம சதையையும் எடுக்கச் சொல்லு" என்றார். சயானில் வேறொரு சர்ஜனைப் பார்த்தேன். அவர் கேட்ட மாத்திரத்தில் தலையாட்டி, புண்ணின் உள்திசுவைக் கொஞ்சம் வெட்டி அனுப்பினார்.

முதலில் வந்த மைக்ரோஸ்கோப் ரிப்போர்ட் ஏ.எஃப்.பி. பாசிட்டிவ். மும்பையில் அதைப் பார்த்ததும் எவருக்கும் வாயில் வருவது டி.பி.தான். வீட்டில் என் தட்டும் டம்ளரும் சத்தமில்லாமல் தனியாகப் போயின. டி.பி. மருந்தை அவசரப்பட்டு ஆரம்பிக்க வேண்டாம், கல்ச்சர் வரட்டும் என்று சர்ஜன் நிறுத்திவைத்தார். அந்த ஒரு வாரம் போலப் பயந்தது கிடையாது.

வந்தது மைக்கோபாக்டீரியம் ஃபோர்ச்சுயிட்டம். காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறை. ஆனால் தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது, பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றாது. லேப்ராஸ்கோப்பிக் கருவிகளில் மூட்டும் இடுக்கும் அதிகம். அவற்றைப் பிரித்துக் கழுவாமல், மருந்துக் கரைசலில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் குழாய்த் தண்ணீரில் அலசினால் இது தங்கிவிடுமாம். அழுத்த நீராவியில் அவிக்கும் ஆட்டோகிளேவில் போட்டால் சாகும். பழைய மருத்துவமனையில் போய்க் கேட்டேன். "எங்களிடம் எல்லாமே ஸ்டெரைல்தான் சார்" என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

புண் போன பாதையை முழுதாக வெட்டியெடுத்தார்கள். அப்புறம் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சென்சிடிவிட்டி பார்த்துக் கிளாரித்ரோமைசினும் சிப்ரோஃப்ளாக்சசினும், ஆறு மாதம். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம் என்று முதலிலேயே இ.சி.ஜி. எடுத்தார்கள். நாக்கில் எந்நேரமும் செம்புக்காசைச் சப்பிய கசப்பு, காப்பிகூட இறங்காது. சிப்ரோ சாப்பிடும் நேரத்தில் பால், தயிர் கூடாது என்பதால் தயிர்சாதத்துக்கு மணி பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாம் மாதமே புண் மூடிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டுத் திட்டு வாங்கினேன்.

மாத்திரை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. தொப்புள் கொஞ்சம் கோணல். ரயிலில் இன்னும் பையை வயிற்றுப் பக்கம்தான் மாட்டுகிறேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் மாட்டுவார்கள் என்பதால் யாரும் கேட்பதில்லை.