ஹாலில் மூன்று துறவிகள்

காசிமேட்டுக்காரன் வீட்டில் நண்டு வந்தால் குழம்புதான். இப்போது ஹாலில் மூன்று துறவி நண்டுகள் (காலிச் சங்குக்குள் குடியிருக்கும் hermit crab) குடித்தனம் நடத்துகின்றன.

கீழ் வீட்டு அக்கா பையனுக்கு வாங்கிக்கொடுத்து, ஒரே மாதத்தில் அலுத்துப்போனவை. கம்பிக் கூண்டு, காய்ந்த ஸ்பாஞ்ச், பச்சை பெயிண்ட் அடித்த ஓடுகள். ஒன்றுக்கு ஒரு கால் உதிர்ந்தே போயிருந்தது. "நீயே வெச்சுக்கப்பா, பாவம்" என்றார்.

தரையில் வாழ்ந்தாலும் இவற்றுக்குச் செவுளால்தான் மூச்சு. அது காய்ந்தால் கதை முடிந்தது. பழைய மீன்தொட்டியில் மணலும் தென்னை நார்த்தூளும் கலந்து முக்கால் அடி நிரப்பி, கண்ணாடியால் மூடினேன். ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிற்கிறது. குளோரின் நீக்கிய தண்ணீர் ஒரு கிண்ணம், கடல்மீன் தொட்டிக்கான உப்பு கரைத்தது இன்னொன்று (சமையல் உப்பு வேண்டவே வேண்டாம்). பெயிண்ட் இல்லாத காலிச் சங்குகளும் போட்டேன். மூன்றாம் நாள் இரவு பெரியவர் பச்சை ஓட்டை விட்டுச் சங்குக்கு மாறிவிட்டார்!

கால் போன நண்டு மண்ணுக்குள் புதைந்து 20 நாளாகிறது. தோலுரிக்கப் போயிருக்கிறது, கால் திரும்ப முளைப்பதும் அப்போதுதான். அம்மாவுக்குப் பொறுமை இல்லை. "செத்துப்போச்சா, தோண்டிப் பாருடா" என்கிறார் தினமும். தோண்டினால்தான் சாகும்மா. இதுவரை நாற்றம் எதுவும் வரவில்லை.