செவலை ஈன்ற வாரம்

நவம்பர் 11, திங்கள்

செவலைக்கு மடி இறங்கிவிட்டது. காம்புகள் விம்மி நிற்கின்றன, வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கிறது. சினை ஊசி போட்ட தேதியிலிருந்து எண்ணினால் 280 நாள் இந்த வாரத்தோடு முடிகிறது. நாட்டு மாடு, நாலைந்து நாள் தள்ளினாலும் தள்ளும்.

போன ஈற்றில் இவள் மாமாவைச் சுவரோடு வைத்து இடித்துவிட்டாள். கன்றின் தொப்புளில் மருந்து வைக்கக் குனிந்த நேரம். விலா எலும்பில் கீறல், மூச்சு விட்டாலே வலி. "மேலப்பாளையம் சந்தைல கொண்டு விட்டுரணும் இதை" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தை மசியவில்லை. "சிறுத்தை நடமாடுத ஊர்ல கன்னை விட்டுட்டு ஒதுங்குத மாடு எதுக்கு?" என்பது அவர்கள் கட்சி. களக்காடு முண்டந்துறைக் காடு எங்கள் வயலுக்கு மேலேதான் தொடங்குகிறது. ஊருக்குள் நாயையும் ஆட்டையும் தூக்கிப்போன கதை எல்லா வீட்டிலும் உண்டு. இந்த விஷயத்தில் நான் அத்தை பக்கம். ஆனால் மாமாவின் விலா எலும்பும் எனக்கு முக்கியம்.

அதனால் இந்தத் தடவை ஏற்பாடு வேறு. தொழுவின் கடைசி அறையைக் கழுவி, காய்ந்த வைக்கோல் பரப்பியாயிற்று. அங்கே ஒரு கல்தூண், அதன் பின்னால் சுவரில் சின்ன ஜன்னல். செவலையின் கழுத்துக் கயிற்றில் நீளமான கயிறு ஒன்றை முடிந்து, தூணைச் சுற்றி ஜன்னல் வழியாக வெளியே விட்டிருக்கிறோம். ஈனும்போது அவள் திரும்ப வேண்டும், படுக்க வேண்டும், கன்றை நக்க வேண்டும், அதற்குக் கயிறு தளர்வாக இருக்கும். யாராவது உள்ளே போக வேண்டுமென்றால் வெளியிலிருந்து இழுத்து அவளைத் தூணோடு நிறுத்திவிடலாம். ஒரு சிக்கல் உண்டு. கயிறு தரையில் கிடந்தால் கன்றின் காலில் சுற்றிக்கொள்ளும். ஆகவே ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள் தொய்வு விழாமல் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அந்த வேலை. மழையில் நின்றால் சளி பிடிக்கும் என்று இப்போதே முனகல்.

டாக்டர் நம்பரையும், கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்பதையும் கதவில் சுண்ணாம்பால் எழுதிவைத்தேன். நாயைப் பின்கட்டில் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

கிடேரிக் கன்று!

நேற்று இரவு 11.30 வாக்கில் பனிக்குடம் உடைந்தது. கொஞ்ச நேரத்தில் முன்னங்கால் குளம்பு இரண்டும், அதன்மேல் மூக்கும் தெரிந்தன. அப்படி வந்தால் நாம் கை வைக்க வேண்டியதில்லை. அரை மணிக்குள் கன்று வைக்கோலில் விழுந்தது. தும்மித் தலையை உதறியதும் எங்களுக்கு மூச்சு வந்தது.

அப்புறம்தான் செவலை வேறு மாடானாள். கன்றைத் தலை முதல் வால் வரை நக்கிக்கொண்டே, வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் கொடுத்தாள். மற்ற நாளில் அந்தச் சத்தம் அவளிடம் வராது. அந்த நேரத்தில்தான் தாயும் கன்றும் ஒன்றையொன்று வாசனையாலும் குரலாலும் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் புகுந்து துடைக்கிறேன் என்று நிற்பது வீண் வேலை. கன்று மூச்சு விடுகிறதா என்று கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

பின்கட்டில் நாய் குரைத்தது. அவ்வளவுதான், செவலை சட்டென்று கன்றுக்கும் கதவுக்கும் குறுக்கே வந்து நின்றாள். முழு உடம்பையும் பக்கவாட்டில் காட்டி, தலையைத் தாழ்த்தி, முன்னங்காலால் வைக்கோலைக் கீறிப் பின்னால் எறிந்தாள். மூக்கிலிருந்து புஸ் என்று காற்று. இது முட்டுவதற்கு முந்தின எச்சரிக்கை. மாடு இவ்வளவு சொல்லியும் உள்ளே போகிறவரை என்ன சொல்வது? மாமா டார்ச்சை அணைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் கன்று எழுந்து தடுமாறி மடியைத் தேடிக் குடித்துவிட்டது. சீம்பால் விஷயத்தில் நேரம்தான் பெரிது. நோய் எதிர்ப்புச் சத்தைக் கன்றின் குடல் இழுத்துக்கொள்வது மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் அநேகமாக நின்றுவிடும். 20 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 2 லிட்டராவது போக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு குடிக்கட்டும் என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னார்கள். தலையை ஆட்டிவிட்டுக் கன்றைக் குடிக்க விட்டோம்.

பிறகு தொப்புள். ஜன்னலுக்கு வெளியே கயிறு இறுகியது, செவலை தூணோடு நின்றாள். நான் கன்றைத் தூக்கவில்லை. அவள் கண்ணில் படும்படி, எனக்கும் அவளுக்கும் நடுவில் கன்று இருக்கும்படி உட்கார்ந்து, தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் முக்கினேன். கன்றை மறைத்துக்கொண்டு நாம் குறுக்கே நின்றால்தான் அவளுக்கு வெறி ஏறும். கன்று ஒரு தடவை "ம்மா" என்றது. கல்தூண் அதிர்ந்தது. நான் கதவுக்கு வெளியே வந்தபிறகுதான் வீட்டுக்காரர் கயிற்றை விட்டார்.

விடியக்காலம் நஞ்சுக்கொடி விழுந்தது. அவளே தின்றுவிடாமல் எடுக்க வேண்டும், உள்ளே போகவும் கூடாது. அத்தை முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியிலிருந்தே இழுத்துவிட்டார்கள். ஓலைப்பெட்டியில் கட்டி, வாய்க்கால்கரை ஆலமரத்தில் தொங்கவிட்டாயிற்று. 12 மணி நேரத்துக்கு மேல் விழாமல் இருந்தால் டாக்டர்தான் வர வேண்டும். பாதி தொங்குகிறதே என்று கையால் பிடித்து இழுத்தால் கர்ப்பப்பை கெட்டுப்போகும்.

நவம்பர் 16, சனி

சீம்பாலுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. கன்று குடித்த மீதி எல்லா வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம். கன்றைப் பார்க்க மட்டும் யாரையும் தொழுவுக்குள் விடவில்லை. போட்டோ எடுக்கிறேன் என்று வந்த பையனைக் கதவிலேயே மறித்துவிட்டேன். கோபித்துக்கொண்டு போனான், போகட்டும்.

பால் கறப்பது அத்தை மட்டும், அதுவும் அதே பழைய சேலையில். ஆள் மாறினால் மடி இறுகிக்கொள்கிறாள். போகும்போது பேசிக்கொண்டே தோள் பக்கமாகத்தான் போகிறார்கள். நேர் பின்னால் இருப்பது மாட்டுக்குத் தெரியாது, திடீரென்று கை பட்டால் உதைதான். இன்றைக்குக் கயிற்றை முழுதாக இழுக்கவே வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

மழை. செவலை நன்றாகத் தின்கிறாள்.

நவம்பர் 19, செவ்வாய்

மேலப்பாளையம் சந்தைக்குப் போகிற வழியில் தரகர் வந்தார். மாமா எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார். தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டே தொழு வாசலில் நின்றார். செவலை காதை விடைத்து ஒரு சீறல் சீறினாள். மனிதர் பின்னால் நகர்ந்த வேகத்தில் செருப்பு ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, முட்டுத மாடுன்னா பாதி விலைதான் போகும்" என்றார்.

மாமாவுக்கு வந்ததே கோபம். "முட்டுத மாடா? ஈனி ஆறு நாள் ஆகுது, பின்ன உம்மைக் கும்பிட்டுக்கிட்டா நிக்கும்? முட்டுததுக்கு முன்னால சொல்லிட்டுத்தானவே செய்யுது!"

நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம். கன்று பால் மறக்கட்டும், அப்புறம் பேசுவோம் என்று மாமா ஆளை அனுப்பிவிட்டார். செருப்பை எடுத்துக்கொடுக்கத் துரட்டி மறுபடி தேவைப்பட்டது.

எங்கள் இன்னொரு மாடு ஜெர்சிக்கு மார்கழியில் ஈனக் கணக்கு. அவள் சாது, குழந்தைகூடக் கிட்டே போகலாம். என்றாலும் ஏற்பாட்டைக் கலைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கயிறு உரசி ஜன்னல் சட்டம் பிளந்துவிட்டது, ஆசாரியை வரச்சொல்ல வேண்டும்.